கிணற்றுப் பெரணியும் 37 பேரினங்களும்

ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையிலுள்ள வேப்பம்பட்டில் இன்னும் மூடப்படாமல் மிஞ்சியிருக்கும் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே, செங்கல் இடுக்கிலும் உறைகள் பொருந்தும் விளிம்பிலும் பெரணிகள் வேர்பிடித்துத் தொங்குவதைக் காணலாம். அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, நாடா போல நீண்ட சிற்றிலைகள் கொண்ட டெரிஸ் விட்டேட்டா. மற்றொன்று, தொட்டால் மெத்தென்று மயிர் படர்ந்த இலை கொண்டது. அதன் சிற்றிலைகளின் ஓரம் பாதி ஆழம்வரை மடல் மடலாக வெட்டுண்டிருக்கும். இந்த இரண்டாவது செடியை வைத்துத் தாவரவியலாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் அறிவியல் பெயர் என்ன என்று கேட்டால், கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் வரும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் 1992-ல் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை டெரிடோஃபைட் நூலில் அது கிறிஸ்டெல்லா டென்டேட்டா. அதற்கு அடுத்த ஆண்டு வந்த வட அமெரிக்கத் தாவரத் தொகுதியில் தெலிப்டெரிஸ் டென்டேட்டா. 2013-ன் சீனத் தாவரத் தொகுதியில் சைக்லோசோரஸ் டென்டேட்டஸ். 1920-ல் டென்மார்க்கின் கார்ல் கிறிஸ்டென்சன் அதை டிரையாப்டெரிஸ் பேரினத்தில் வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் அதையும் அதன் நெருங்கிய உறவுகளையும் சேர்த்து நெஃப்ரோடியம் மோலே என்றன. ஏமனுக்குத் தாவரம் சேகரிக்கப் போய் அங்கேயே 1763-ல் இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கோலின் குறிப்புகள் 1775-ல் அச்சேறியபோது அது பாலிபோடியம் டென்டேட்டம்.

இத்தனை பெயர் மாற்றத்திலும் செடி எது என்பதில் பெரிய சண்டை இல்லை. டென்டேட்டா என்ற சிற்றினப் பெயர் ஃபோர்ஸ்கோல் காலத்திலிருந்து கூடவே வருகிறது. மாறிக்கொண்டே இருப்பது முன்னால் நிற்கும் பேரினப் பெயர். ஏறக்குறைய 1,200 சிற்றினங்கள் கொண்ட தெலிப்டெரிடேசி குடும்பத்தை ஒரே பேரினமாக வைத்துக்கொள்வதா, முப்பதுக்கும் மேலாகப் பிரிப்பதா என்பதுதான் வழக்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் மரபணு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கையில் இலையோடு நிற்பவரை மறந்து பிரிக்கும்போது அந்த நியாயம் தேய்ந்துபோகிறது.

வாதத்துக்குள் போகுமுன் செடியை நெருங்கிப் பார்ப்பது நல்லது. இலைக்காம்பின் அடிப்பகுதியைப் புது பிளேடால் குறுக்கே வெட்டிக் கைலென்ஸில் பாருங்கள். பட்டையான இரண்டு வாஸ்குலக் கற்றைகள், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அதே காம்பை மேலே, இலை தொடங்கும் இடத்தில் வெட்டினால் அவை இரண்டும் இணைந்து ஒரு லாடம் போல வளைந்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் சோலைகளில் வளரும் டிரையாப்டெரிஸின் காம்பை வெட்டினால் இப்படி இருக்காது. சிறு வட்டப் புள்ளிகளாகப் பல கற்றைகள் வளைவாக வரிசைகட்டியிருக்கும். இனி இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். ஊசி போன்ற, நிறமற்ற, ஒற்றைச் செல் மயிர்கள் நரம்புகளின்மேல் நிமிர்ந்து நிற்கும். டிரையாப்டெரிஸில் செதில்கள் உண்டு, இந்த ஊசிமயிர் கிடையாது. குரோமோசோமை எண்ணினாலும் வேறுபாடு தெளிவு: டிரையாப்டெரிஸின் அடிப்படை எண் 41, தெலிப்டெரிடேசியில் 27 முதல் 36 வரை. காம்பு, மயிர், குரோமோசோம் மூன்றும் ஒரே சாட்சி சொல்வதால்தான் இந்தக் குடும்பம் தனிக் குடும்பம் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கிறிஸ்டென்ஹூஸும் சேஸும் 2014-ல் இதை ஆஸ்பிளெனியேசிக்குள் ஒரு துணைக் குடும்பமாக இறக்கினார்கள். அப்போதும் குழுவை அவர்கள் கலைக்கவில்லை, படிநிலையை மட்டும் மாற்றினார்கள்.

அடுத்து நரம்பு. பக்கத்துப் பக்கத்து மடல்களின் கீழ்நரம்புகள், மடல்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குக் கீழே ஒன்றையொன்று சந்தித்துக் கூம்பாக இணைகின்றன. இணைந்த இடத்திலிருந்து ஒரே ஒரு சிறு நரம்பு பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லென்ஸ் இல்லாமலே இது தெரியும். சண்டைக்குக் காரணமான உறுப்புகளில் இந்த நரம்புச் சந்திப்புக்கு முதலிடம். ஸ்போர்ப்பைகளின் கொத்தான சோரஸை மூடும் சிறுநீரக வடிவ இன்டூசியம் என்ற சவ்வுக்கு இரண்டாம் இடம்.

19ஆம் நூற்றாண்டினர் இந்த இரண்டையும் வைத்தே பேரினம் வகுத்தார்கள். சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1863 முதல் சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் நூலும், 1883-ன் கையேடும் அந்த முறையில்தான் நிற்கின்றன. இன்டூசியம் இருந்து நரம்புகள் தனித்தனியே ஓடினால் லாஸ்ட்ரியா. நரம்புகள் இணைந்தால் நெஃப்ரோடியம். இன்டூசியமே இல்லையென்றால் வேறு பெட்டி. காட்டில் நிற்பவருக்கு இது மிக எளிய முறை. பெட்டோமின் படங்களும் விளக்கமும் இன்றும் உதவுகின்றன என்றால், அவர் நம்பிய அடையாளங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை என்பதே காரணம்.

ஆனால் அந்த முறையில் அடிப்படையான ஒரு பிழை இருந்தது. இன்டூசியம் பெரணிகளின் வரலாற்றில் ஒருமுறை மட்டும் தொலைந்த உறுப்பு அல்ல. வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாகப் பலமுறை தொலைந்திருக்கிறது. நரம்பு இணைவதும் அப்படியே. ஆகவே இன்டூசியம் இல்லாதவற்றையெல்லாம் ஒரே பேரினத்தில் அடைத்தபோது, நெருங்கிய உறவுகள் பிரிந்தன, தூரத்து உறவுகள் ஒன்றாயின. ஊசிமயிர்ப் பெரணிகளும் செதில் பெரணிகளும் ஒரே டிரையாப்டெரிஸில் பல காலம் கிடந்ததற்கும் இந்த வழக்கம்தான் காரணம்.

இதை உடைத்தவர்களில் முதன்மையானவர் சீனாவின் சின் ரென்சாங். அதுவரை பாலிபோடியேசி என்ற ஒரே குடும்பத்துக்குள் திணிக்கப்பட்டிருந்த பெரணிகளை 1940-ல் 33 குடும்பங்களாகப் பிரித்தார். அன்று அது மிகையான துணிச்சலாகத் தோன்றியது. இன்றைய வகைப்பாடு அவருடைய பல பிரிவுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1963-ல் ஆசியத் தெலிப்டெரிடேசியை மட்டும் எடுத்துக்கொண்டு 18 பேரினங்களாக வகுத்தார். எதிர்த்திசையிலும் அதே ஆண்டுகளில் வேகம் குறையவில்லை. அமெரிக்காவின் மார்ட்டன் எல்லாவற்றையும் தெலிப்டெரிஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். 1968-ல் ரீட் என்பவர் உலகத்திலுள்ள இந்தக் குடும்பப் பெரணிகளுக்கெல்லாம் தெலிப்டெரிஸ் பெயர் சூட்டி நீண்ட பட்டியலே வெளியிட்டார்.

இந்த இரு முனைகளுக்கும் நடுவில் நின்று வேலை செய்தவர் ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் கால்நூற்றாண்டு பணியாற்றிய அவர், ஓய்வுக்காலத்தில் லண்டன் கியூ தோட்டத்தில் அமர்ந்து இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். 1971-ல் பழைய உலகத்துத் தெலிப்டெரிடேசிக்கு அவர் வகுத்த 23 பேரினங்கள்தான் தமிழ்நாட்டு நூல்களிலும் வழக்கமாயின. கிறிஸ்டெல்லா அவற்றில் ஒன்று. பெயர் அவர் உண்டாக்கியதல்ல. லெவெய் என்பவர் 1915-ல் சுவிட்சர்லாந்தின் பெரணியறிஞர் கிறிஸ்டைச் சிறப்பிக்க வைத்தது. மறந்துகிடந்த அந்தப் பெயருக்குத் தெளிவான எல்லை போட்டு உயிர் கொடுத்தவர் ஹோல்ட்டம்.

அவருடைய முறையில் எனக்குப் பிடித்தது, எந்த ஒரே அடையாளத்துக்கும் அவர் அடிமையாகவில்லை என்பது. இன்டூசியத்தை மட்டும் பார்க்காமல் மயிரின் வடிவம், சுரப்பியின் நிறம், ஸ்போர்ப்பையின் காம்பில் மயிர் உண்டா, இலையடியில் சிற்றிலைகள் எப்படிச் சுருங்குகின்றன, மட்டநிலத்தண்டு ஊர்கிறதா நிமிர்கிறதா என எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டார். எல்லாமே லென்ஸுக்குள் அடங்குபவை. நம் கிணற்றுச் சுவரிலேயே சோதிக்கலாம். கிறிஸ்டெல்லா டென்டேட்டாவில் கீழ்ச்சிற்றிலைகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும், காம்பு பெரும்பாலும் ஊதா சாயல் காட்டும். அதன் உறவான கிறிஸ்டெல்லா பாரசிட்டிகாவில் கீழ்ச்சிற்றிலைகள் அவ்வளவாகச் சிறுக்காது, இலையின் அடியில் செம்மஞ்சள் சுரப்பிகள் மின்னும். லின்னேயஸ் 1753-ல் பாலிபோடியம் பாரசிட்டிகம் என்று பெயரிட்ட செடி இது. பெயர் என்ன சொன்னாலும் இது எந்தச் செடியையும் உறிஞ்சி வாழ்வதில்லை.

பிரிப்பதன் பலம் எங்கே தெரிகிறது என்பதற்கு நம் மலைகளிலிருந்தே ஒரு சான்று உண்டு. மூன்று சிற்றிலை மட்டும் கொண்ட ஒரு பெரணியைப் பெட்டோம் மெனிசியம் ட்ரைஃபில்லம் என்றார். ஹோல்ட்டம் அதைப் புரோநெஃப்ரியத்தில் வைத்தார். ஆனாலும் அதன் மயிர்களின் நுனி கொக்கி போல வளைந்திருப்பதைக் கவனித்து, அப்படிப்பட்டவற்றைக் கிரைப்போத்ரிக்ஸ் என்ற தனிப் பிரிவாக ஒதுக்கினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து மரபணு ஆய்வு, அந்தக் கொக்கிமயிர்க் குழு மற்றப் புரோநெஃப்ரியங்களோடு ஒட்டவில்லை என்று காட்டியது. 2021-ல் சூசன் ஃபாசெட்டும் ஆலன் ஸ்மித்தும் கிரைப்போத்ரிக்ஸைத் தனிப் பேரினமாக உயர்த்தினார்கள். வம்சமும் அடையாளமும் இங்கே கைகோர்க்கின்றன. இப்படிப்பட்ட பிரிவினையை நான் மனதார வரவேற்கிறேன். மாணவர் ஒருவர் பெயரைப் படித்தவுடனே கொக்கிமயிரைத் தேடுவார், அது இருக்கும்.

பெட்டோமின் பெயரையே தாங்கிய பெரணி ஒன்றும் உண்டு. அதை நெஃப்ரோடியம், லாஸ்ட்ரியா, தெலிப்டெரிஸ், பாராதெலிப்டெரிஸ் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். மரபணு ஆய்வுகள் பாராதெலிப்டெரிஸ் ஒரே வம்சம் அல்ல என்று காட்டிய பிறகு, இப்போது அது அமாரோபெல்ட்டாவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அமாரோபெல்ட்டா அமெரிக்க வெப்பமண்டலத்தில் பெருகிக் கிடக்கும் பேரினம். நம் மலைச்சரிவில் நிற்கும் ஒரு சிறு பெரணிக்குத் தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையில் உறவுக்கூட்டம் இருக்கிறது என்ற செய்தி அந்தப் பெயர் மாற்றத்தால்தான் வெளிப்படுகிறது. எல்லாவற்றையும் தெலிப்டெரிஸ் என்றே அழைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஸ்போர்கள் காற்றில் கடல் கடந்து போயினவா, கண்டங்கள் பிரிந்தபோது பிரிந்தவையா என்று இனி யாரேனும் தேடலாம்.

ஒன்றுசேர்ப்பவர்களின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும். கிறிஸ்டெல்லா, புரோநெஃப்ரியம், நியூமாட்டோப்டெரிஸ் உள்ளிட்ட பெரிய கிளை முழுவதிலும் குரோமோசோம் அடிப்படை எண் 36 தான். எண் வேறுபடாத இடத்தில் எல்லை எதற்கு என்கிறார்கள். அதைவிட வலுவான சாட்சி கலப்பினங்கள். கிறிஸ்டெல்லாவும் நியூமாட்டோப்டெரிஸும் கலந்து இயற்கையாகப் பிறந்த செடி ஒன்று ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து 1986-ல் விவரிக்கப்பட்டது. இரண்டு பேரினங்களுக்குப் பிறந்ததால் அதற்குக் கிறிஸ்மாட்டோப்டெரிஸ் என்று கலப்புப் பேரினப் பெயரே சூட்ட வேண்டியதாயிற்று. பேரினம் கடந்து இவ்வளவு எளிதில் கலக்கின்றன என்றால், நாம் போட்ட எல்லையைச் செடிகள் மதிக்கவில்லை என்றுதானே பொருள்? இந்தக் கேள்விக்குப் பிரிப்பவர்களிடமிருந்து முழு நிறைவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கலப்பது பழைய மூதாதைப் பண்பின் மிச்சம், அதை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பார்கள். பாதி உண்மை.

கிணற்றுப் பெரணி இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. இலங்கைக்கு வந்து பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணிய ஐரீன் மேன்டனும் ஸ்லெட்ஜும் 1954-ல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமண்டலப் பெரணிகளில் குரோமோசோம் பெருக்கம் எவ்வளவு பரவலானது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியது. கேரளத்தில் ஆப்ரகாம், நினான், மாத்யூ ஆகியோர் 1962-ல் தென்னிந்தியப் பெரணிகள் நூற்றின் எண்ணிக்கையைத் தந்தார்கள். மாணிக்கமும் இருதயராஜும் 1988-ல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளின் செல்லியலுக்குத் தனி நூலே எழுதினார்கள். கிறிஸ்டெல்லா டென்டேட்டா ஒரு நான்மடியம், அதாவது அடிப்படை எண்ணான 36-ன் நான்கு மடங்கு கொண்டது. அதன் உடல் செல்லில் 144 குரோமோசோம்கள். பெரணிகளில் நான்மடியங்கள் பலவும் இரண்டு வெவ்வேறு பெற்றோரின் கலப்பில் பிறந்து, பிறகு குரோமோசோம் இரட்டித்து நிலைபெற்றவை. அப்படிப்பட்ட செடிக்கு இரண்டு மூதாதைக் கிளைகள். கிளை பிரிந்துகொண்டே போகும் மரமாக மட்டும் வரலாற்றை வரையும் முறையில், கிளைகள் மீண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தைக் காட்ட வழியில்லை. குளோரோபிளாஸ்ட் மரபணுவை மட்டும் நம்பிய ஆய்வுகளுக்கு இது பெரிய ஓட்டை, ஏனென்றால் அது தாய்வழியை மட்டுமே சொல்லும்.

2021-ல் வந்த உலகளாவிய ஆய்வு இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. ஃபாசெட்டும் உடன் ஆய்வாளர்களும் 621 மாதிரிகளிலிருந்து உட்கருவின் 407 மரபணுப் பகுதிகளை வாசித்தார்கள். குடும்பத்தின் ஏறக்குறைய பாதிச் சிற்றினங்கள் அதில் அடங்கின. அதற்கு முன், 2016-ல், 94 பெரணியறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட பொது வகைப்பாடு இந்தக் குடும்பத்துக்கு 30 பேரினங்களை ஏற்றிருந்தது. அவற்றில் 10 ஒரே வம்சமாக இல்லை, அல்லது சோதிக்கப்படவே இல்லை. புதிய ஆய்வின்மேல் ஃபாசெட்டும் ஸ்மித்தும் கட்டிய வகைப்பாட்டில் 37 பேரினங்கள். ஹோல்ட்டத்தின் நினைவாக ரீஹோல்ட்டமியா என்ற புதுப் பேரினமும் அதில் உண்டு. கிறிஸ்டெல்லாவிலிருந்து அமெரிக்கக் கிளை ஒன்று பெலாசோநியூரான் என்று பிரிந்து போயிற்று. நம் கிணற்றுச் செடி கிறிஸ்டெல்லாவிலேயே தங்கிவிட்டது. ஹோல்ட்டம் வெறும் லென்ஸோடு கண்ட எல்லைகளில் பல, 407 மரபணுப் பகுதிகளின் சோதனையில் தாக்குப்பிடித்தன. உருவவியலை இகழ்ந்து பேசும் இன்றைய போக்குக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

இங்கே ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990-ல் இதே குடும்பத்தை ஐந்து பேரினங்களாக மட்டும் வகுத்தவர் ஆலன் ஸ்மித். வட அமெரிக்கத் தொகுதியில் நம் செடியைத் தெலிப்டெரிஸ் என்று எழுதியவரும் அவரே. முப்பது ஆண்டுகள் கழித்து 37 பேரினங்களுக்குக் கையெழுத்திட்டவரும் அவரே. இதைத் தடுமாற்றம் என்று சிலர் பேசலாம். சாட்சி போதாதபோது பெரிய பெட்டியில் வைத்துக் காத்திருந்தார், சாட்சி கிடைத்ததும் பிரித்தார். வகைப்பாட்டாளருக்கு இந்த நேர்மையை மிஞ்சிய தகுதி இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் 37 என்ற எண்ணில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி உண்டு. மரபணு மரம் யாருக்கு யார் உறவு என்று சொல்லும். எந்தக் கிளைக்குப் பேரினம் என்ற தகுதி தர வேண்டும் என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. ஒரே மரத்தை 5 இடத்திலும் வெட்டலாம், 37 இடத்திலும் வெட்டலாம். இரண்டும் வம்சத்துக்கு விரோதமில்லாமல் செய்ய முடியும். ஆகவே வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சோரஸ்கள் உள்ள இலை ஒன்று கையில் கிடைத்தால் பேரினத்தைச் சொல்லிவிட முடிகிறதா என்பதே அந்த அளவுகோல். கிரைப்போத்ரிக்ஸ் இதில் தேறுகிறது. அமாரோபெல்ட்டாவும் தேறுகிறது. ஆனால் நியூமாட்டோப்டெரிஸும் புரோநெஃப்ரியமும் உடைந்து சிதறிய துண்டுகளில் சிலவற்றை, எந்தத் தீவிலிருந்து வந்தது என்று கேட்காமல் இலையை மட்டும் வைத்து அடையாளம் காண்பது கடினம். ஊர் தெரிந்தால்தான் பேரினம் தெரியும் என்ற நிலையில், திறவுகோல் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எல்லைகளைச் சுருக்கியதன் விளைவுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு, குடும்பத்துக்கே பெயர் கொடுத்த தெலிப்டெரிஸ். ரீட் காலத்தில் உலகெங்கும் உள்ள செடிகளையெல்லாம் உள்ளடக்கிய அந்தப் பேரினத்தில் இன்று இரண்டே சிற்றினங்கள். அவற்றில் ஒன்று நீலகிரி, பழனி மலைச் சதுப்புகளில் வளரும் தெலிப்டெரிஸ் கன்ஃப்ளூயென்ஸ். பழைய ஹெர்பேரியத் தாளில் தெலிப்டெரிஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் இப்போது அது எதையும் குறிக்கலாம். கோயம்புத்தூர் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலும் பாளையங்கோட்டையிலும் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலும் பேணப்படும் தாள்களைத் தேடிப் போகிறவர், ஒரே செடிக்கு நான்கைந்து அலமாரிப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களின் எத்தனையோ மணிநேர உழைப்பு இதில் கரைகிறது. இந்தச் செலவை உலக வகைப்பாட்டுக் கட்டுரைகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சட்டத்துக்கும் இது வந்து சேருகிறது. மரப்பெரணிகள், அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சைத்தியா என்ற பேரினப் பெயரால் பாதுகாக்கப்படுகின்றன. நீலகிரியின் பெயரைத் தாங்கிய மரப்பெரணியை ஹோல்ட்டம் சைத்தியா என்றார், டிரையன் 1970-ல் அல்சோஃபிலாவுக்கு மாற்றினார். பேரினம் மாறினால் பாதுகாப்பு போய்விடக் கூடாது என்பதற்காக, சைத்தியா என்ற சொல்லுக்குள் அல்சோஃபிலாவும் அடக்கம் என்று விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒன்றுசேர்த்தால் பெயர்கள் நிலைக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். அண்மையில் சீலாந்தஸ் சார்ந்த நூற்றுக்கணக்கான பெரணிகளை ஹெமியோனிட்டிஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் கொட்டும் முயற்சி நடந்தது. அதனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புதுப் பெயர்கள் பிறந்தன. பாறைப் பெரணிகளைக் கையாளும் எவருக்கும் அது நிம்மதி தரவில்லை. சேர்ப்பதும் பெயர் மாற்றம்தான். பெரணிப் பேரினங்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டனவா என்று 2018-ல் ஷூட்பெல்ஸும் சக அறிஞர்களும் ஆராய்ந்து, இல்லை என்றே முடிவு சொன்னார்கள். 2016-ன் பொது வகைப்பாட்டில் 10,578 பெரணிச் சிற்றினங்களுக்கு 319 பேரினங்கள். சராசரி ஒன்றுக்கு 33. இது மிகையான எண் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். என் குறை எண்ணிக்கையில் இல்லை, அடையாளத்தில்.

அடையாளமும் வம்சமும் இயல்பாகவே பொருந்திய குடும்பம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேப்பம்பட்டை விட்டு வெளியே போக வேண்டாம். மழைக்காலத்தில் ஏரி ஓரத்திலும் வயல் சேற்றிலும் படரும் ஆரைக்கீரையும் பெரணிதான். அது சேர்ந்த மார்சிலியேசி குடும்பத்தில் மூன்றே பேரினங்கள். காம்பின் நுனியில் நான்கு சிற்றிலை இருந்தால் மார்சிலியா, இரண்டு இருந்தால் ரெக்னெலிடியம், ஒன்றும் இல்லாமல் வெறும் காம்பாக நின்றால் பிலுலாரியா. மரபணு ஆய்வு வந்த பிறகும் இந்த எல்லைகள் அசையவில்லை. தெலிப்டெரிடேசிக்கு இப்படிப்பட்ட எளிமை வாய்க்காது, 1,200 சிற்றினம் கொண்ட குடும்பத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் பேரினம் என்றால் பார்த்ததும் புரிய வேண்டும் என்ற ஆசை பாமரத்தனமானது அல்ல என்பதற்கு ஆரைக்கீரை சாட்சி.

ஆகவே தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் எதைப் பின்பற்றுவது? கிறிஸ்டெல்லா என்ற பெயரையே கையாள்வோம். ஹோல்ட்டம் தந்த எல்லை அது, மாணிக்கமும் இருதயராஜும் நம் மலைகளில் சோதித்துப் பயன்படுத்தியது, 2021-ன் மரபணு மரமும் நம் செடியை அங்கேயே விட்டிருக்கிறது. அதை மீண்டும் சைக்லோசோரஸுக்கோ தெலிப்டெரிஸுக்கோ கொண்டுபோகக் காரணம் எதுவும் இல்லை. கிரைப்போத்ரிக்ஸ், அமாரோபெல்ட்டா போன்றவற்றையும் தயங்காமல் ஏற்கலாம். இலையைப் பார்த்துச் சொல்ல முடியாத பேரினங்களை மட்டும், அவற்றுக்கு நம்பத்தக்க கள அடையாளம் கிடைக்கும்வரை, பழைய பெயரை அருகிலேயே எழுதிக் கையாள வேண்டும். புதிய நூல் எழுதுகிறவர் ஒவ்வொரு செடிக்கும் பெட்டோம் காலத்திலிருந்து வந்த பெயர்களை ஒரே வரியில் தர வேண்டும். இது கூடுதல் வேலைதான், ஆனால் அடுத்த தலைமுறை மாணவர் பழைய தாள்களிடம் திரும்பிப் போக வேறு பாலம் கிடையாது.

இதைவிட முக்கியமானது சான்றுப் பொருள். பெரணி என்றாலே ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று போய்விடுகிறோம். சமவெளிக் கிணற்றுச் சுவர்களில் வளரும் நான்மடியங்களை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. கலப்புகளும் குரோமோசோம் பெருக்கமும் இந்தப் பேரினத்தின் எல்லையையே கேள்விக்குள்ளாக்கும்போது, எளிதில் எட்டக்கூடிய, எங்கும் கிடைக்கிற இந்தச் செடியிலிருந்தே விடை தேடலாம். ஒரே செடியிலிருந்து உலர்ந்த தாள், குரோமோசோம் எண்ணிக்கை, மரபணு மாதிரி மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். வெவ்வேறு செடிகளிலிருந்து எடுத்து ஒரே பெயரின் கீழ் சேர்த்த தரவுகளால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆவடியிலிருந்து திருவள்ளூர்வரை வயல்கள் மனைப்பிரிவுகளாகி, வீட்டுக்கு வீடு போர் போட்ட பிறகு, பழைய கிணறுகள் ஒவ்வொன்றாகக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்க்கப்படுகின்றன. உங்கள் மனையிலோ தெருவிலோ அப்படி ஒரு கிணறு மூடப்படப்போகிறது என்றால், அதற்கு முன் ஒரு தொரட்டிக் கோலால் பெரணியின் முழு இலை ஒன்றை, அடிக்காம்போடும், அடிப்பக்கத்தில் சோரஸ்களோடும், பறித்தெடுங்கள். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். ஊர், தேதி, கிணறு செங்கலா உறையா, தண்ணீருக்கு எவ்வளவு மேலே வளர்ந்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். பேரினப் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.